நாகப்பட்டினம் என்ற சொல்லை நான் தடுத்த ஐந்து வாரங்கள்

தகவல் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் கணினி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மைக் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் ஓய்வு பெற்றபோது என் மேசையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தவை முப்பத்தொரு குறிப்பேடுகள். ஒவ்வொரு பக்கத்திலும் கிழமை, மணி, நிமிடம், அதன் எதிரே நடந்தது. அவற்றில் ஒரு குறிப்பேட்டின் ஐந்து வாரப் பக்கங்களை மட்டும் உங்களுக்காக இங்கே விரித்து வைக்கிறேன். என் வேலைக்காலத்தில் நான் பெரிதும் வியந்துபோனதும் அந்த நாட்களில்தான், பெரிதும் தவறியதும் அந்த நாட்களில்தான்.

எங்கள் மையம் காரைக்கால் மாவட்டத்தில், கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு கணினிகள், ஒரு மைக். மைக்கில் பேசினால் திருவேட்டக்குடி மீன் ஏலக்கொட்டகையின் ஒலிபெருக்கியில் கேட்கும். காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் அறிவிப்பு. அலையின் உயரம், காற்று, மின்தடை, மருத்துவ முகாம், பள்ளி விடுமுறை, வேலைவாய்ப்பு, அக்கரையான இலங்கையில் பிடிபட்ட படகுகளைப் பற்றிய சேதி. சேதிகளைத் திரட்டுவது என் வேலை. வாசிப்பது ஸ்டெல்லாவின் வேலை. ஸ்டெல்லா கோட்டுச்சேரி மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவர். அவர் குரலில் அலை எச்சரிக்கைகூடக் கேட்க நன்றாக இருக்கும் என்று மீனவர்கள் கேலி செய்வார்கள்.

திரட்டுவது என்றால் என்ன? இணையத்தில் இருபத்துமூன்று பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நேற்று பார்த்ததிலிருந்து எது புதிது என்று கண்டுபிடித்து, தாளில் எழுத வேண்டும். புதுச்சேரி அரசின் பக்கம், நம் மாவட்ட நிர்வாகத்தின் பக்கம், வானிலைப் பக்கங்கள், சுற்றிலும் உள்ள தமிழ்நாட்டு மாவட்டங்களின் செய்திகள், பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களுக்காகத் தூதரக அறிவிப்புகள், வட இலங்கையின் இரண்டு செய்திப் பக்கங்கள். புதுச்சேரியைச் சேர்ந்த நம் காரைக்கால், சுற்றிலும் தமிழ்நாடு சூழ எங்கே இருக்கிறது என்பதை யோசித்தால் இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்று புரியும். நமக்கு உத்தரவு புதுச்சேரியிலிருந்து வரும். பேருந்து, காய்கறி, ஆற்று நீர், காற்று எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வரும். பலருடைய பிள்ளைகளின் கடிதம் பாரிஸிலிருந்து வரும். காலை நான்கரைக்கு உட்கார்ந்தால் முடிக்க ஆறேகால் ஆகும்.

"சார் படிச்சு முடிக்கறதுக்குள்ள நாங்க போயி வலையப் போட்டுட்டே வந்துருவோம்" என்பார்கள் திருவேட்டக்குடியில். உண்மை அதுதான். அலை அறிவிப்பைக் கேட்காமலே பல படகுகள் போய்விடும்.

அந்தக் காலத்தில் தலத்தெரு என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் மையத்துக்கு வருவார். என் வயதுதான். பிரான்சில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். தூதரகத்துக்கு அனுப்பவேண்டிய படிவங்களை அச்செடுக்க வருவார். எல்லாரையும் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே', அதாவது ஐயா, என்றுதான் அழைப்பார். பெயரைச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டவர் என்பதால் இங்கே சொல்லவில்லை. ஒருநாள் மாலை அச்சுப்பொறி சிக்கிக்கொண்டது. நான் அதைச் சரிசெய்துகொண்டே பக்கங்களை மாற்றி மாற்றித் திறப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன முசே, தபால்காரர் மாதிரி வீடு வீடா போயி கதவத் தட்டுறீங்க?"

"வேற வழி?"

"அவங்கள உங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பல இணையப் பக்கங்களின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒரு குறி இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் தொட்டதில்லை. அந்தப் பக்கத்தில் புதிதாக எது ஏறினாலும் அதன் வழியாகத் தானாக வெளியே வரும் என்றார். செய்தியோடை என்று தமிழில் எழுதுகிறவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதுவே எனக்குப் புதிது. அதற்குமேல் அவர் காட்டியதைத்தான் உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இணையத்திலேயே இருந்த ஒரு கருவி. நம் கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை. திறந்தால் கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளைப் போல ஒரு வெற்றுத் திரை. இடப்பக்கம் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்று ஓடையைக் கொண்டுவரும் பெட்டி. ஒன்று பல ஓடைகளைச் சேர்க்கும் பெட்டி. ஒன்று வடிகட்டும் பெட்டி: இந்தச் சொல் இருந்தால் விடு, இந்தச் சொல் இருந்தால் தடு. ஒன்று, ஒரே சேதி இரண்டுமுறை வந்தால் ஒன்றை நீக்கும். ஒன்று தேதி வாரியாக அடுக்கும். பெட்டிகளைத் திரையின் நடுவே இழுத்துப் போட்டு, ஒன்றின் அடியிலிருந்து இன்னொன்றின் தலைக்குச் சுட்டியால் ஒரு கோடு இழுத்தால் போதும். கோடு குழாயாகிவிடும். எந்தப் பெட்டியின்மேல் சொடுக்கினாலும் அந்த இடத்தில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று திரையின் அடியில் தெரியும்.

அவர் நான்கு ஓடைகளைச் சேர்த்து, தேதிப் பெட்டியோடு இணைத்தார். "வொலா" என்றார், பிரெஞ்சில் 'இதோ' என்று.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஸ்டெல்லா சொல்லித்தான் அது எனக்கே தெரியும்.

இளவயது முதல் எனக்குத் தேதிகளில் பித்து. கோயில் கல்வெட்டில் அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, பழைய பிரெஞ்சுப் பதிவேட்டில் எந்த மாதம் எந்த நாள், எங்கள் தெருவில் முதல் மின்விளக்கு எரிந்த கிழமை எது என்று தேடி, வரிசையாக எழுதிவைப்பேன். கையில் கிடைத்த வரலாற்று நூல்களை எல்லாம் அதற்காகவே படித்தேன். பல இடங்களில் நடந்ததை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும் ஆசைதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அந்தக் கோடு இதோ திரையில் தானாக விழுந்துகொண்டிருந்தது. அன்று மாலை வடக்கே மழை. முதல் வரி புதுச்சேரியில் மழை தொடங்கியதைச் சொன்னது. இருபது நிமிடம் கழித்துக் கடலூர்ப் பக்கத்துச் செய்தி. பிறகு சிதம்பரம். பிறகு சீர்காழி. நான்கு பேர் ஒருவரை ஒருவர் அறியாமல் நான்கு ஊர்களில் எழுதியது. சேர்த்துப் படித்தபோது மழை கடற்கரையோரமாகத் தெற்கே நடந்து வருவது தெரிந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். கடைத்தெருவில் இன்னும் காய்ந்த மண். கால் மணி நேரத்தில் முதல் துளி விழுந்தது.

மனிதர்கள் கண்டுபிடித்தவற்றில் நான் படித்து வியந்தவை பல உண்டு. பார்த்து வியந்தது இது ஒன்றுதான்.

"காசு எதுவும் கட்டணுமா?" என்று கேட்டேன்.

"அதுதான் முசே எனக்கும் புரியல. சும்மாவே குடுத்திருக்கானுவ."

மூன்று நாட்கள் உட்கார்ந்து இருபத்துமூன்று பக்கங்களையும் குழாய் போட்டு இணைத்தேன். ஆரஞ்சுக் குறி இல்லாத அரசுப் பக்கங்களிலிருந்துகூட எடுத்துவர அந்தக் கருவியில் வழி இருந்தது. கடல் எச்சரிக்கைகளுக்குத் தனி ஓடை அமைத்தேன். அதில் வடிகட்டியே போடவில்லை. மற்றதெல்லாம் இன்னொரு ஓடை. நான்காம் நாள் காலை ஐந்தேகாலுக்கு எல்லாம் தயார். ஸ்டெல்லா ஐந்தரைக்கே வாசித்தார். ஏலக்கொட்டகையிலிருந்து ஒருவர் போன் செய்து, "என்ன, உங்க கடிகாரம் ஓடிப்போச்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்து படகுகள் அறிவிப்பைக் கேட்டுவிட்டே போயின.

இனி தவறுக்கு வருகிறேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை காலை ஓடையில் 'கனமழை: பள்ளிகளுக்கு இன்று விடுமுறை, ஆட்சியர் அறிவிப்பு' என்று ஒரு தலைப்பு. நான் எழுதிக் கொடுத்தேன், ஸ்டெல்லா வாசித்தார். பிள்ளைகள் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். ஒன்பதரைக்குக் கோட்டுச்சேரிப் பள்ளியின் தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரி குடையோடு மாடி ஏறி வந்தார்.

"எந்த ஆட்சியர் லீவு விட்டாரு?"

நான் திரையைக் காட்டினேன். உள்ளே சென்று முழுவதும் படித்தால் அது நாகப்பட்டினத்து ஆட்சியர்.

"அவங்க கலெக்டர் வேற, நம்ம கலெக்டர் வேற. வெளியூர்லேருந்து வந்தவங்க குழம்புனா சரி. நீங்க இந்த ஊர்லயே பொறந்தவருதானே?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் காது சுட்டது. காரைக்காலில் பிறந்த எவருக்கும் இது புண் உள்ள இடம் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஓ, நாகப்பட்டினமா" என்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி நமக்கு வாய் வலிக்கும். அப்படிப்பட்ட நானே நாகப்பட்டினத்து விடுமுறையை ஊருக்கு அறிவித்துவிட்டேன்.

அன்று மாலையே ஒரு வடிகட்டிப் பெட்டியை இழுத்து நடுவில் வைத்தேன். நாகப்பட்டினம், நாகை என்ற சொற்கள் இருந்து, காரைக்கால் என்ற சொல் இல்லையென்றால், தடு. ஓடையில் பாதி குறைந்துபோனது. எவ்வளவு சுத்தமாக இருந்தது என்றா கேட்கிறீர்கள்? பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. தலத்தெருக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவர் அந்தப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தடுத்தது எங்க போகும்?"

"எங்கயும் போகாது. வராது, அவ்வளவுதான்."

"ம்" என்றார். அச்செடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த 'ம்'மை நான் அன்று குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஐந்தாவது வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை திருவேட்டக்குடியிலிருந்து ஒரு ஃபைபர் படகு கடலுக்குப் போனது. சிவகுமார், அவர் மச்சான் கலையரசன், இன்னும் பாலு, அந்தோணி என்று நான்கு பேர். திங்கள் காலை திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை சிவகுமாரின் மனைவி அமுதா மையத்துக்கு வந்தார். ஏலக்கொட்டகையில் மீன் எடுத்து விற்பவர் அவர். காலையிலும் வந்தார், மாலையிலும் வந்தார்.

"எதாச்சும் வந்துச்சா சார்?"

"இல்லம்மா. வந்தா நானே சொல்லி அனுப்புறேன்."

கடலோரக் காவலுக்கும் மீன்வளத் துறைக்கும் ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்லியிருந்தார்கள். தேடுகிறோம் என்றார்கள். கடல் மோசமாக இருந்தது. புதன்கிழமை காலை அலை எச்சரிக்கை இன்னும் கூடியது. ஸ்டெல்லா அதை மூன்றுமுறை வாசித்தார். ஆனால் ஊரில் வேறு முடிவு எடுத்துவிட்டார்கள். இனியும் காத்திருக்க முடியாது, பதினோரு மணிக்கு எட்டுப் படகுகள் தேடப் போகும் என்று தீர்மானம். படகுக்கு ஐந்து பேர்.

பத்து மணிக்கு அமுதா மறுபடியும் மாடி ஏறி வந்தார். மழையில் நனைந்த சேலையோடு வாசலிலேயே நின்றார்.

"நீங்க பாக்காத பக்கம்னு ஏதாச்சும் இருக்கா சார்?"

"எல்லாம் பாத்தாச்சும்மா."

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். படியில் அவர் காலடி ஓசை அடங்கும் முன்பே, நான் சொன்ன 'எல்லாம்' என்ற சொல் என்னை உறுத்தத் தொடங்கியது. எல்லாம் என்றால் என்ன? இருபத்துமூன்று ஓடைகளிலிருந்து வருவது எல்லாமா, அல்லது கடைசியில் வெளியே வந்து விழுவது எல்லாமா?

வடிகட்டிப் பெட்டிக்கு மேலே இருந்த பெட்டியின்மேல் சொடுக்கினேன். ஐந்து வாரத்தில் முதன்முறையாக.

திரையின் அடியில் சேதிகள் கொட்டின. நாகப்பட்டினத்தில் புத்தகக் காட்சி. நாகையில் சாலை மறியல். நாகப்பட்டினம் ஒன்றியக் கூட்டம். நான் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். வட இலங்கைப் பக்கம் ஒன்றிலிருந்து ஒரு வரி, செவ்வாய்க்கிழமை மாலை 4.52: 'பருத்தித்துறை அருகே பழுதடைந்த படகுடன் கரையொதுங்கிய நாகப்பட்டினம் மீனவர்கள் மூவர் மீட்பு.'

மணி பத்து இருபது. ஒரு படமும் இருந்தது. எங்கள் இணைப்பு வேகத்தில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கும். முதலில் சாம்பல் வானம். பிறகு ஒரு பனைமரத்தின் தலை. பிறகு படகின் மூக்கு. அதன்மேல் எழுதியிருந்த பதிவு எண்ணின் பின்பாதியை ஒரு கயிறு மறைத்திருந்தது. முன்பாதியில் இரண்டு எழுத்துகள் தெரிந்தன: பி.ஒய். புதுச்சேரியில் பதிவான, நம் ஊர் போன்ற இடங்களின் வண்டிகளிலும் படகுகளிலும் மட்டும் இருக்கும் எழுத்துகள். நாகப்பட்டினத்துப் படகில் இருக்க முடியாதவை.

"ஸ்டெல்லா" என்றேன். அவர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"சார், நம்ம படகுதான் சார். மைக்கப் போடவா?" கை மைக்கின்மேல் போய்விட்டது. அடுத்த நொடி அவரே நிறுத்திக்கொண்டார். "மூணுன்னு போட்டிருக்கே சார். நாலாவது யாரு?"

இதுதான் அந்த இடம். உங்களில் யாருக்காவது இப்படி ஓர் இடம் வரும். பதினோரு மணிக்கு நாற்பது பேர் அந்தக் கடலில் இறங்கப்போகிறார்கள். மைக்கில் சொன்னால் நிறுத்திவிடலாம். ஆனால் மூன்று பேர் மீட்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னால், நான்கு வீடுகளில் ஒவ்வொன்றும் தன் ஆள்தான் அந்த நாலாவது என்று நினைக்கும். ஒரு வீட்டில் அந்த நினைப்பு சரியாகவே இருக்கும். சொல்லாமலும் இருக்க முடியாது, அரைகுறையாகச் சொல்லவும் முடியாது.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. என் கைபேசியில் அழைத்தேன். போகவில்லை. மறுபடியும் போகவில்லை. அதற்குள் மையத்துத் தொலைபேசி அடித்தது. ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர்.

"அலை எப்படி இருக்குன்னு கடைசியா ஒருதரம் பாத்துச் சொல்லுங்க சார். படகுக்கு இஞ்சின் மாட்டிட்டாங்க."

"அய்யா, போக வேண்டாம். ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. ஒரு சேதி வந்துக்கிட்டிருக்கு."

"என்ன சேதி? நல்லதா கெட்டதா?"

"அது எனக்கே இன்னும் தெரியாது. தெரியாதத சொல்ல மாட்டேன். பத்து நிமிஷம், எம்பேர்ல பொறுத்துக்குங்க."

"மூணு நாளா உங்க பொட்டி தூங்கிக்கிட்டா இருந்துச்சு?" என்றார். பிறகு, "சரி, பத்து நிமிஷம்" என்றார்.

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிரார்த்தனை செய்கிறார் என்று நினைக்கிறேன். மூன்றாம் முறை அழைப்பு போனது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆணின் குரல்.

"வணக்கம், சொல்லுங்கோ."

யார், எங்கிருந்து என்று சொன்னேன். நேற்று எழுதிய படகுச் சேதியைப் பற்றி என்றேன்.

"ஓம், நான்தான் எழுதினது."

"மூணு பேருன்னு போட்டிருக்கீங்க. எங்க படகுல நாலு பேருங்க."

"நாலோ? ஓம், ஓம். ஒராளுக்குக் காலில வெட்டு. அவரை முதலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டினம். நான் போகேக்க கரையில மூண்டு பேர்தான் நிண்டவை. நான் கண்டதைத்தான் எழுதினனான்."

"பேரு தெரியுங்களா?"

"பொறுங்கோ. கொப்பியில கிடக்கு."

தாள் புரளும் ஓசை கேட்டது. கலையரசன் என்றார். பாலு என்றார். அந்தோணி என்றார். மூன்று பெயர்களையும் எழுதினேன்.

"ஆஸ்பத்திரியில இருக்கறவரு பேரு?"

"அது தெரியாது ஐயா. ஆனா ஆள் சுகம். இண்டைக்குக் காலமையும் கேட்டனான். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறாராம், வீட்டுக்குச் சொல்லச் சொல்லி எல்லாரையும் கரைச்சல் படுத்துறாராம்."

நான்கில் மூன்றைக் கழித்தால் மிஞ்சுவது சிவகுமார்.

நன்றி சொல்லிவிட்டு வைக்கப் போனவன், ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நாகப்பட்டினம்னு அவங்களே சொன்னாங்களா?"

"இல்லை, அவையள் காரைக்கால் எண்டுதான் சொன்னவை. எங்கட ஆக்களுக்கு அது எங்க எண்டு விளங்காது. அதால நாகப்பட்டினம் எண்டு போட்டனான். பிழையோ?"

"பிழை இல்லிங்க" என்றேன். அவர் தன் வாசகருக்குப் புரியும்படி எழுதியிருந்தார். பிழை என் பெட்டியில் இருந்தது.

இந்த வேலையில் நான் கற்றது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு சொல்லைத் தடுத்தால் அந்தச் சொல்லோடு வரும் மனிதர்களையும் சேர்த்துத்தான் தடுக்கிறீர்கள். வடிகட்டாமல் இருக்க முடியாது. உங்கள் காலத்தில் ஓடைகள் ஆறுகளாகிவிட்டன. எதை வடிகட்டினாலும், தள்ளியதை நாளில் ஒருமுறையாவது உங்கள் கண்ணால் பாருங்கள். நான் அதன்பின் ஓய்வு பெறும்வரை தினமும் பத்து மணிக்கு அதைச் செய்தேன். அந்தக் கருவியைச் சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். வேறு கருவிகள் வந்தன, அவற்றிலும் அப்படியே செய்தேன்.

புதன்கிழமைக்குத் திரும்புகிறேன். தலைவருக்குப் போனில் ஒரே வாக்கியம் சொன்னேன்: நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், படகு போக வேண்டாம், நேரில் வருகிறேன். வீட்டுக்காரர்களிடம் நான் போய்ச் சொல்லும்வரை மைக்கில் வேண்டாம் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டு, சேதியை அச்செடுத்துக்கொண்டு மொபெட்டை எடுத்தேன். மழை விட்டிருந்தது. திருவேட்டக்குடிக் கரையில் எட்டுப் படகுகளும் மணலில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ஊரே அங்கே இருந்தது. நான்கு வீட்டுக்காரர்களையும் தலைவர் ஏலக்கொட்டகைக்குள் உட்கார வைத்திருந்தார். பெயர் பெயராகச் சொன்னேன். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதையும் சொன்னேன். சிவகுமாரின் பெயர் அங்கே எழுதப்படவில்லை, கழித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

பிறகு எழுந்து நின்று, இந்தச் சேதி நேற்று மாலையே என் கணினிக்கு வந்துவிட்டது, நான் போட்ட தடையால் அது என் கண்ணில் படவில்லை என்றேன். இதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நாளை இதே மையத்தின் சொல்லைக் கேட்டுத்தான் அவர்கள் கடலில் இறங்க வேண்டும்.

தலைவர் வெளியே இருந்த படகுகளைப் பார்த்தார். "நாப்பது பேரு சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

அமுதா மணலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னிடம் கேட்டார்:

"நேத்து சாயங்காலம்னா எத்தனை மணிக்கு சார்?"

நான் மணியையும் நிமிடத்தையும் எழுதியே வாழ்ந்தவன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தோராயமாகச் சொல்லித் தப்பிக்க ஆசைப்பட்டேன். நேற்று மாலை முதல் இன்று பத்து இருபது வரை பதினேழு மணி இருபத்தெட்டு நிமிடம். வழியெல்லாம் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அத்தனை நேரமும் அவருக்கு நான் கடன்பட்டவன்.

"நாலு அம்பத்திரண்டுக்கு எழுதியிருக்காங்கம்மா. அதுக்கும் முன்னாடியே கரை ஏறிட்டாங்க."

"அப்ப இருட்டறதுக்கு முந்தியே."

"ஆமாம்மா."

அவர் உதடுகள் எதையோ கணக்குப் போட்டன. நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அத்தே, ராத்திரி பூரா அப்படிக் கொட்டுச்சே. அதுல அவரு நனையல அத்தே."

அந்த அம்மாள் அதைத் திருப்பிச் சொன்னார். வாசலில் நின்ற பெண்கள் அதை வெளியே சொன்னார்கள். நனையலயாம், நாலு பேரும் நனையலயாம் என்று சேதி கரை நெடுகப் போயிற்று. படகுகளில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இஞ்சினைக் கழற்றத் தொடங்கினார்கள்.